மகன் கல்யாணத்துக்கு எந்த டார்டன்? உறவு இல்லாமல் ஒரு குலத்தின் கட்டத்தை உடுத்தலாமா?

#1 மாணிக்கம், கிளாஸ்கோ

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பரில் மகனுக்குக் கல்யாணம். மணமகள் ஸ்காட்லாந்துப் பெண். அப்பா வழியில் ஃப்ரேசர், அம்மா வழியில் மெக்டொனால்ட். காலையில் நம் முறைப்படி தாலி கட்டு, பிற்பகலில் அவர்கள் முறைப்படி சடங்கும் விருந்தும். பிற்பகலுக்கு மாப்பிள்ளை, தோழர்கள் இருவர், நான் ஆகிய நால்வரும் கில்ட் (முட்டி வரை வரும் மடிப்பு வைத்த ஆண்கள் உடை) அணிய வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் ஆசைப்படுகிறார்கள். எனக்கும் ஆசைதான். எந்தக் குலத்தின் டார்டன், அதாவது எந்தக் கட்டம் போட்ட துணி என்பதில்தான் தகராறு.

மணமகளின் பாட்டிக்கு 84 வயது. "நம் வீட்டு மாப்பிள்ளை நம் ஃப்ரேசரைத்தான் உடுத்த வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனால் பெண்ணின் சித்தப்பா, சாப்பாட்டு மேசையில் மிகவும் மரியாதையாக, டார்டன் என்பது அந்தப் பெயரில் பிறந்தவர்களுக்கு உரியது என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. உருளைக்கிழங்கைப் பற்றித்தான் பேசினோம்.

வாடகைக் கடைக்குப் போனால் அங்கே வேறு கூத்து. கடைப் பையன் என் பெயரைக் கணினியில் தட்டினான். மாணிக்கம் என்று எதுவும் இல்லை. பட்டியல் தானாக நகர்ந்து 'மான்சன்' என்ற பெயரில் போய் நின்றது. "மான்சன் என்றால் கன் குலத்தின் கிளை. அது உங்களுக்குச் சரியாக வருமா?" என்று முகம் மாறாமல் கேட்டான். எங்கள் பாட்டனார் தேனி மாவட்டத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். அவரைக் கன் குலத்தில் சேர்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சட்டம் ஏதும் உண்டா? வழக்கம் என்ன? சித்தப்பா சொல்வது சரியா?

#2 லீத் மீனாட்சி

வாழ்த்துகள் மாணிக்கம் அண்ணா. நான் இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். கல்யாணங்களில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சட்டம் எதுவும் கிடையாது. யாரும் எந்த டார்டனையும் உடுத்தலாம். வழக்கத்தால் விலக்கி வைத்திருப்பது ஒன்றிரண்டுதான். பால்மோரல் கட்டம் அரச குடும்பத்துக்கு உரியது. விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் 1853-ல் வரைந்தது. அரசரின் பைப் வாசிப்பவரைத் தவிர வெளியார் அதைத் தொடுவதில்லை. கடையிலும் கிடைக்காது, கவலையே இல்லை.

உறவு தேட விருப்பமில்லை என்றால் எல்லோருக்கும் பொதுவான கட்டங்கள் இருக்கின்றன: கருநீலமும் பச்சையுமான பிளாக் வாட்ச், சிவப்பு ராயல் ஸ்டூவர்ட், ஹண்டிங் ஸ்டூவர்ட், கலிடோனியா. ஊர்ப் பெயரிலும் உண்டு. கிளாஸ்கோ என்றே ஒன்று இருக்கிறது.

நிஜமாகவே கவனிக்க வேண்டியது ஒன்று. கடையில் கில்ட்டோடு குலச்சின்னப் பதக்கம் எடுத்துத் தருவார்கள். சுற்றிலும் வார், நடுவில் தலைவரின் முத்திரை. அது தலைவரின் சின்னம். அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்டவர்கள் வாருக்குள் வைத்து அணிவது. ஸ்காட்லாந்தில் குலமுத்திரைகளுக்குச் சட்டம் உண்டு. 1672 முதல் அரசுப் பதிவேடு இருக்கிறது, அதைக் கவனிக்க லார்ட் லயன் என்ற அதிகாரி இருக்கிறார். துணிக்கு அப்படிக் காவல் இல்லை. ஆகவே ஃப்ரேசர் துணியை உடுத்துங்கள், பதக்கத்தை மட்டும் சம்பந்தியைக் கேட்காமல் குத்தாதீர்கள்.

பாட்டி சொன்ன பிறகு சித்தப்பா பேச்சு எடுபடாது என்பது என் கணிப்பு. எந்த ஊராக இருந்தாலும் பாட்டி பாட்டிதான். ஒரு சந்தேகம்: பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன?

#3 கரூர் தறிக்காரன்

கலாஷீல்ஸில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் நெசவுக் கல்லூரியில் படித்தவன் நான். துணிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

டார்டன் என்பது ஒரு கணக்கு. பாவில், அதாவது நீள இழைகளில், எந்த நிறம் எத்தனை இழை என்று ஒரு வரிசை. ஓரிடத்தில் நின்று அதே வரிசை திரும்பி வரும். குறுக்கே ஓடும் ஊடையிலும் அதே கணக்கு. சாய்வரியாக, இரண்டுக்கு இரண்டு என்று நெய்வார்கள். பச்சைப் பாவைப் பச்சை ஊடை கடக்கும் இடத்தில் முழுப் பச்சை. சிவப்பு கடக்கும் இடத்தில் பாதிப் பாதி கலந்த மூன்றாவது நிறம். நான்கு நிற நூல் கொடுத்தால் துணியில் பத்து நிறம் தெரியும். ஆறு கொடுத்தால் இருபத்தொன்று. மேலே ஒற்றை மஞ்சள் கோடு ஓட்டினால் போதும், வேறு குலம் ஆகிவிடும்.

இது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. 1793-ல் கோர்டன் பிரபு புதிதாகப் படை திரட்டியபோது ஹன்ட்லி ஊர் நெசவு வியாபாரி வில்லியம் ஃபோர்சித், அரசுப் படையின் பிளாக் வாட்ச் கட்டத்தை எடுத்து அதில் மஞ்சள் கோடு ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று மாதிரி செய்து அனுப்பினார். ஒற்றைக் கோடு தேறியது. இன்று கோர்டன் குல டார்டன் என்று சொல்வது அதைத்தான். கேம்பெல், ஃபோர்ப்ஸ், இன்னும் சிலவற்றையும் பிளாக் வாட்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குப் பழக்கம் இல்லாதவர் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தக் காலத்தில் டார்டன் வியாபாரத்தைக் கையில் வைத்திருந்தது பேனக்பர்ன் ஊரின் வில்சன் நிறுவனம். ராணுவத்துக்கும் கடல்கடந்த சந்தைக்கும் நெய்தவர்கள். அவர்களுடைய கட்டங்களில் பல முதலில் எண்களாகவே இருந்தன. பெயர் வைத்தால் விற்கும் என்று தெரிந்த பிறகு பெயர் வந்தது. நகரத்தின் பெயர், வீரனின் பெயர், பிறகு குலத்தின் பெயர். அவர்கள் 1819-ல் தொகுத்த மாதிரிப் புத்தகத்தைத்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் பார்க்கிறார்கள்.

#4 குலமரபு

தறிக்காரர் சொல்லும் கணக்கு சரி. அதிலிருந்து "எல்லாம் வியாபாரம், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் உடுத்தலாம்" என்று தாவுவது சரியில்லை.

மார்ட்டின் மார்ட்டின் என்ற ஸ்கை தீவுக்காரர் 1703-ல் அச்சிட்ட நூலில், தீவுக்குத் தீவு கட்டம் மாறுபடும், ஆளின் போர்வையைப் பார்த்தே அவன் எந்த இடத்தவன் என்று சொல்லிவிடலாம் என்று எழுதியிருக்கிறார். அதே காலத்தில் கிராண்ட் குலத் தலைவர் தன் ஆட்கள் சிவப்பும் பச்சையும் கட்டமிட்ட துணியில் வர வேண்டும் என்று ஆணையிட்டதற்கு ஆவணம் இருக்கிறது. ஆகவே துணிக்கும் கூட்டத்துக்கும் தொடர்பே இல்லை என்று அடித்துவிட முடியாது.

அதைவிட முக்கியம், இன்று அதை உடுத்துகிறவர்களின் மனம். அப்போலோ 12-ல் சென்ற ஆலன் பீன் 1969-ல் மெக்பீன் டார்டன் துணியை நிலவுக்கே கொண்டுபோனார். அவருக்கு அது வெறும் துணி இல்லை. உங்கள் சம்பந்தி வீட்டுச் சித்தப்பாவுக்கும் அப்படித்தான். நாம் போகிற வீட்டின் உணர்வை மதிக்க வேண்டாமா? பிளாக் வாட்ச் உடுத்திக்கொண்டு போங்கள், ஒரு வில்லங்கமும் இல்லை.

#5 சந்தேகப்பிராணி

குலமரபு ஐயா பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மடித்து வைத்துவிட்டார். விரிக்கிறேன்.

மார்ட்டின் சொன்னது இடத்தைப் பற்றி, குலத்தைப் பற்றி இல்லை. பக்கத்து ஊர் நெசவாளிக்கு எந்தச் சாயம் கிடைத்ததோ அதை அந்த வட்டாரத்தார் எல்லோரும் உடுத்தினார்கள், அவ்வளவுதான். கிராண்ட் தலைவரின் ஆணையும் கதையைக் காப்பாற்றாது. 1714-ல் ரிச்சர்ட் வெய்ட் என்ற ஓவியர் கிராண்ட் தலைவரின் பைப் வாசிப்பவரையும் அவருடைய மெய்க்காவல் வீரரையும் வரைந்தார். இருவர் உடலிலும் வெவ்வேறு கட்டம். அவர் வரைந்த மற்ற கிராண்ட் உறவினர்களை எடுத்துப் பார்த்தாலும் ஒருவர் மாதிரி ஒருவர் இல்லை.

அடுத்தது கலோடன் போர், 1746. ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸுக்காக எழுந்த ஹைலேண்டர்களை, அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டாரை, அரசுப் படை முறியடித்த போர். டேவிட் மோரியர் வரைந்த அந்தப் போரின் ஓவியத்தில் எட்டு ஹைலேண்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உடலில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டங்கள். சட்டைக்கு ஒன்று, காலுறைக்கு ஒன்று, போர்வைக்கு ஒன்று. போர்க்களத்தில் தன் ஆளை அடையாளம் கண்டது தொப்பியில் குத்திய வெள்ளை ரிப்பனை வைத்து. கட்டத்தை வைத்து அடையாளம் பார்த்திருந்தால் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு செத்திருப்பார்கள்.

தோல்விக்குப் பிறகு ஆண்களும் சிறுவர்களும் ஹைலேண்ட் உடை உடுத்தத் தடை. சட்டம் 1746-ல் வந்தது, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை என்றால் ஏழு வருடம் நாடு கடத்தல். பெண்களுக்குத் தடை இல்லை, அரசுப் படையில் சேர்ந்தவனுக்கும் இல்லை. 1782-ல்தான் விலக்கினார்கள். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் கிராமத்து நெசவாளிகளின் ஒரு தலைமுறை போய்விட்டது.

பிறகு 1815-ல் லண்டனில் இருந்த ஹைலேண்ட் சங்கம் குலத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதியது: உங்கள் குலக் கட்டத்தின் மாதிரியை முத்திரையிட்டு அனுப்புங்கள் என்று. பல தலைவர்களுக்குத் தங்கள் கட்டம் எது என்றே தெரியவில்லை. கிழவர்களைக் கேட்டார்கள், நெசவு நிறுவனத்தைக் கேட்டார்கள். 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தார். விழாப் பொறுப்பு நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டிடம். எல்லாரும் டார்டனில் வர வேண்டும் என்று அவர் சொல்லிவிட, வில்சன் தறிகள் ஓய்வில்லாமல் ஓடின. மன்னரும் ராயல் ஸ்டூவர்ட் கில்ட்டில் வந்தார், உள்ளே இளஞ்சிவப்புக் காலுறையோடு. கேலிச்சித்திரக்காரர்களுக்கு அன்று நல்ல வேட்டை.

அதற்கும் மேலே, 1842-ல் ஒரு பெரிய நூல், வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம். வெளியிட்டவர்கள் அண்ணன் தம்பி இருவர். பிறப்பில் ஆலன் என்ற பெயர், தங்களை இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட்டின் பேரன்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். பதினாறாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்தது என்று 75 கட்டங்களை அதில் போட்டார்கள். அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தகுதியான எவரிடமும் காட்டவில்லை. போலி என்பது பிறகு உறுதியானது. ஆனால் அதிலுள்ள கட்டங்களில் பல இன்றும் குலக் கட்டங்களாகக் கடையில் இருக்கின்றன. கில்ட்டே உடுத்தாத தாழ்நிலக் குடும்பங்களுக்கும் அந்த நூல் டார்டன் வழங்கிவிட்டது. மெக்லியோட் குலத்தின் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் கறுப்புக் கட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த அண்ணன் தம்பி கொடுத்த கொடைதான்.

இவ்வளவுக்குப் பிறகு சித்தப்பா "பிறப்புரிமை" என்று பேசினால், இன்னொரு துண்டு மீன் வையுங்கள் என்று பேச்சை மாற்றிவிடுங்கள்.

#6 குலமரபு

சந்தேகப்பிராணிக்கு நன்றி. நான் மறுப்பதற்கு எதுவும் இல்லை, ஏனென்றால் நான் பேசியது வேறு. இருநூறு வருடத்துக்கு முன்னால் உண்டாக்கியது என்கிறீர்கள். இருக்கட்டும். இருநூறு வருடமாக அந்தக் கட்டத்தில் கல்யாணம் நடந்திருக்கிறது. முதல் உலகப் போரில் கில்ட்டோடு பதுங்கு குழிச் சேற்றில் நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வரவில்லை. அவர்கள் வீட்டுப் பேரனிடம் போய் "உங்கள் கட்டம் ஒரு துணி வியாபாரி செய்த மாதிரி" என்று சொல்வது உண்மையாக இருக்கலாம், நாகரிகமாக இருக்காது.

தொடக்கம் போலி என்பதால் தொடர்ச்சியும் போலி ஆகிவிடாது. இதுதான் என் கட்சி.

#7 மாணிக்கம், கிளாஸ்கோ

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இரண்டு தரப்பையும் படித்தால் இரண்டும் சரியாகவே தெரிகிறது, அதுதான் சங்கடம்.

மீனாட்சி அம்மா கேட்டதற்குப் பதில்: பாட்டி பிறந்த வீடு மன்ரோ. கல்யாணம் ஆகித்தான் ஃப்ரேசர் ஆனார்.

இன்னொன்று கேட்க வேண்டும். அந்த மான்சன் விஷயம் மனதைவிட்டுப் போகவில்லை. ஒரு குலத்துக்குக் கிளைப் பெயர்கள் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதற்கு ஆதாரம் உண்டா? ஒரே பெயர் உள்ளவர்கள் எல்லாம் ஒரே ரத்தம்தானா?

#8 லீத் மீனாட்சி

மன்ரோவா! நினைத்தேன். ஆக, பாட்டியும் கட்டிக்கொண்டு வந்து ஃப்ரேசர் ஆனவர்தான்.

கிளைப் பெயர்ப் பட்டியல் பாதி உண்மை, பாதி கடைச்சரக்கு. சிறு குடும்பங்கள் பெரிய தலைவரிடம் அடைக்கலம் போய் அவர் குலத்தில் சேர்ந்தது உண்டு. ஆனால் டெய்லர் என்றால் கேமரன் குலம், மில்லர் என்றால் மெக்ஃபார்லன் குலம் என்று நீட்டும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். தையற்காரனும் மாவரைக்கிறவனும் எல்லா ஊரிலும் இருந்தார்கள். கடைக்கு வந்த வெளிநாட்டுப் பயணி எவரும் வெறுங்கையோடு போகக் கூடாது என்று நீட்டிய பட்டியல் அது. அந்தப் பையன் உங்களுக்குச் செய்ததும் அதேதான்.

ஒரே பெயர் ஒரே ரத்தமா என்றால், உங்கள் சம்பந்தி குலத்திலேயே அழகான பதில் இருக்கிறது. தலைவருக்கு ஆள்பலம் வேண்டும், குடியானவனுக்குச் சோறு வேண்டும். ஃப்ரேசர் என்று பெயர் மாற்றிக்கொண்டால் ஒரு போல் மாவு தருவேன் என்று தலைவர் சொன்னாராம். போல் என்பது ஓட்ஸ் மாவுக்குப் பழைய அளவை, ஏறத்தாழ 63 கிலோ. அப்படிப் பெயர் மாறியவர்களை "மாவு மூட்டை ஃப்ரேசர்கள்" என்று இன்றும் கேலியாகச் சொல்வார்கள். என் மாமனார் ஊரிலேயே கேட்டிருக்கிறேன்.

சித்தப்பாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். அல்லது கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சொல்லுங்கள்.

#9 அகரப்பத்தனைப் பிள்ளை

நான் பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போகிறவன். இதற்கு எழுத வேண்டும் போலிருந்தது.

இலங்கை மலையகத்தில் பிறந்தவன் நான். எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் பெயர் பால்மோரல், கிளாஸ்கோ. மேலே மீனாட்சி அக்கா அரச குடும்பத்துக்கு உரியது என்று சொன்ன அதே பால்மோரல். 1867-ல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் முதல் எத்தனையோ துரைமார் ஸ்காட்லாந்துக்காரர்கள். தங்கள் ஊர்ப் பெயரை மலைக்கு மலை நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்கள் ஐந்து தலைமுறையாக அந்தப் பெயர்களைச் சொல்லித்தான் "எந்தத் தோட்டம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். அது உறவா? தெரியாது. தொடர்பு இல்லை என்றும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தறிக்காரர் அண்ணன் கடல்கடந்த சந்தை என்று ஒரு வார்த்தையில் கடந்துபோனார். வில்சன் நிறுவனத்தின் ஒரு கட்டம் முதலில் வெறும் எண். பிறகு கிட் என்ற ஒருவர் மேற்கிந்தியத் தீவுகளில் தன் அடிமைகளுக்கு உடுத்த மொத்தமாக வாங்கியதால் "கிட்" என்று பெயர் பெற்றது. அதே துணிதான் பின்னர் மெக்ஃபர்சன் குலத் தலைவருக்கு மெக்ஃபர்சன் டார்டன் என்று போனது. ஜமைக்காவில் கேம்பெல் மிகப் பரவலான பெயர். எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. தோட்ட முதலாளியின் பெயர் அடிமையின் பிள்ளைக்கு வந்தது. சில வீடுகளில் ரத்தமும் சேர்ந்தே வந்தது, யாரும் கேட்காத விதத்தில்.

ஆகவே "பெயர் இருந்தால் உரிமை, ரத்தம் இருந்தால் உரிமை" என்று சொல்கிறவர்களை ஒன்று கேட்கிறேன். கிங்ஸ்டன் நகரத்து கேம்பெல் ஒருவர் நாளை கேம்பெல் கில்ட் உடுத்தி வந்தால் அந்தச் சித்தப்பா என்ன சொல்வார்?

#10 குலமரபு

பிள்ளை, உங்கள் கேள்வி என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. கிங்ஸ்டன் கேம்பெல் உடுத்தலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்றுதான் நான் சொல்வேன். அவருக்கு அந்தப் பெயரின் கணக்கில் வர வேண்டியதே நிறைய.

ஆனால் மாணிக்கம் ஐயாவின் நிலை அதுவல்ல. அவர் உரிமை கோரவில்லை, அழைக்கப்படுகிறார். அழைப்பு என்றால் அழைக்கிற வீட்டார் ஒருமனதாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மனைவி கணவன் வீட்டுக் கட்டத்தையும் தந்தை வீட்டுக் கட்டத்தையும் உடுத்துவது பழைய வழக்கம். பாட்டி விஷயம் அதில் அடங்கும். மாப்பிள்ளை மனைவி வீட்டுக் கட்டத்தை உடுத்துவது அவ்வளவு பழையதில்லை. ஆனால் வாரிசுப் பெண்ணைக் கட்டியவன் அவள் குலப் பெயரையே ஏற்றுக்கொண்டது இங்கே உண்டு. எனவே கதவு மூடியில்லை. சம்பந்தி, அதாவது பெண்ணின் அப்பா, வாய் திறந்து "உடுத்துங்கள்" என்று சொல்லட்டும். அது போதும்.

#11 ஒட்டாவா இளங்கோ

ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும்? புதிதாக ஒன்று வடிவமைத்துவிடுங்கள். 2008-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, மறு ஆண்டு முதல் டார்டன் பதிவேட்டை அரசே நடத்துகிறது. குலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. கட்டம் புதிதாக இருக்க வேண்டும், அந்தப் பெயரோடு உங்களுக்கு ஏதாவது தொடர்பு இருக்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும். ஸ்காட்லாந்தின் லெஸ்மஹேகோ ஊரில் வாழ்ந்த ஒரு சீக்கியர் 1999-ல் சிங் டார்டன் என்று ஒன்றைச் செய்துகொண்டார். எங்கள் கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்துக்கு 1950-களிலிருந்தே சொந்த டார்டன் உண்டு. மேப்பிள் இலை டார்டன் 2011-ல் நாட்டின் அதிகாரபூர்வச் சின்னமே ஆனது. அதை உடுத்துகிற எங்களை யாரும் பாட்டன் பெயர் கேட்பதில்லை.

வெற்றிலைப் பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்குச் சிவப்பு. மாணிக்கம் டார்டன் தயார்!

#12 கரூர் தறிக்காரன்

இளங்கோ, நிறத் தேர்வு பிரமாதம். ஆனால் துணி விஷயம் காகிதத்தில் முடிவதில்லை. ஆண்கள் கில்ட் ஒன்றுக்கு எட்டு கெஜம் வரை பிடிக்கும், அதுவும் கனமான கம்பளி. புதுக் கட்டத்துக்குத் தறியில் பாவு ஏற்றுகிற வேலை நாலு பேருக்கும் ஒன்றுதான், நாற்பது பேருக்கும் ஒன்றுதான், கூலியும் அப்படியே. பிறகு மடிப்பு எடுத்துக் கையால் தைப்பது தனி. செப்டம்பர் கல்யாணத்துக்கு இப்போது ஆரம்பித்தால் பேரன் பெயர் சூட்டு விழாவுக்கு உடுத்தலாம்.

பதிவேட்டைப் பற்றியும் ஒரு சொல்: அது ஒரு குறிப்பேடு, பட்டா இல்லை. சிலவற்றில் மட்டும், நெய்வதற்கு முன் பதிந்தவரிடம் அனுமதி கேளுங்கள் என்று குறித்திருப்பார்கள்.

#13 காரைக்கால் கதிர்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். மெட்ராஸ் செக் துணியில் கில்ட் தைத்துக்கொண்டு போனால் என்ன? ஸ்காட்லாந்துச் சிப்பாய்களைப் பார்த்துத்தான் நம்மவர்கள் அந்தக் கட்டத்தையே போட்டார்கள் என்று எங்கோ படித்தேன்.

#14 கரூர் தறிக்காரன்

கதிர், நம் கடற்கரையிலிருந்து கட்டம் போட்ட பருத்தித் துணி ஸ்காட்லாந்துப் படைகள் இங்கே கால் வைப்பதற்கு முன்பே கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் அதற்கென்றே பெரிய சந்தை. பின்னாளில் சில கட்டங்களில் டார்டன் சாயல் புகுந்திருக்கலாம், அது வேறு. மெல்லிய பருத்தியில் கில்ட் தைத்தால் மடிப்பு நிற்காது, காற்றுக்குத் தூக்கும். செப்டம்பரில் இந்த ஊர்க் காற்றை மாணிக்கம் ஐயாவிடம் கேளுங்கள்.

#15 மாணிக்கம், கிளாஸ்கோ

குலமரபு சொன்னபடியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். தன் மகளுக்கு ஃப்ரேசர் பெயரை விட்டுவிடுகிற எண்ணமே இல்லை, ஆகவே துணியும் அந்த வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். பாட்டி தன் கணவரின் கில்ட்டைப் பரணிலிருந்து எடுத்துவரச் சொன்னார். இடுப்பு மகனுக்கு நாலு அங்குலம் போதவில்லை, பின்பக்கம் பூச்சி அரித்த ஓட்டைகள் வேறு. மடிப்புக்குள் துணி நிறைய இருக்கிறது, வாரை நகர்த்திச் சரி செய்யலாம் என்று பாட்டி. வாடகைக்கே எடுத்துவிடலாம் என்று மகன். அவர்களுக்குள் பேசி முடிக்கட்டும்.

சித்தப்பாவும் இருந்தார். மனம் மாறியதாகச் சொல்ல மாட்டேன். "அண்ணன் சொன்னால் சரி" என்றார். பிறகு அவராகவே ஒன்று சொன்னார். கலோடனுக்குப் பிறகு 1747-ல் ஃப்ரேசர்களின் தலைவர் லவட் பிரபுவை லண்டனில் தலையை வெட்டிக் கொன்றார்கள். அவர் மகன் சைமன் ஃப்ரேசர் பத்தே வருடத்தில் அதே அரசாங்கத்துக்காக ஹைலேண்ட் படை ஒன்றைத் திரட்டினார். அது 1759-ல் கனடாவின் கியூபெக் வரை போய்ச் சண்டையிட்டது. ஊரில் கில்ட் அணிந்தால் சிறை, படையில் சேர்ந்தால் அதுவே சீருடை. "எங்கள் ஆட்கள் ஒரே கட்டத்தில் நின்றவர்கள் இல்லை" என்றார். அதை எனக்குச் சொன்ன சமாதானமாக எடுத்துக்கொண்டேன்.

முடிவு இது: மகன் ஃப்ரேசர். தோழர்கள் இருவரும் நானும் பிளாக் வாட்ச். பதக்கம் யாருக்கும் இல்லை.

#16 சந்தேகப்பிராணி

சித்தப்பாவை எனக்குப் பிடித்துவிட்டது. மாவு மூட்டைக் கதையை அவரிடம் சொல்ல வேண்டாம் என்ற மீனாட்சி அக்காவின் தடையை நீக்கலாம் என்று நினைக்கிறேன். அவருக்கே தெரிந்திருக்கும்.

#17 லீத் மீனாட்சி

நல்ல முடிவு அண்ணா. கடைக்குப் போகும் முன் சில விஷயங்கள்.

ஃப்ரேசரிலேயே சிவப்பு ஒன்று, அடக்கமான நிறத்தில் ஹண்டிங் ஒன்று. பிறகு ஒவ்வொன்றிலும் 'ஏன்ஷியன்ட்', 'மாடர்ன்' என்று கேட்பார்கள். ஏன்ஷியன்ட் என்றால் பழைய கட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே கட்டம், வெளிறிய சாயம், அவ்வளவே. பாட்டி எடுத்துவரச் சொன்ன கில்ட்டில் ஒரு மூலையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் ஒப்பிடுங்கள். நீங்கள் மூவரும் பிளாக் வாட்சில் ஒரே வகையைக் கேளுங்கள். ஒருவர் மாடர்ன், இருவர் ஏன்ஷியன்ட் என்று நின்றால் போட்டோவில் அசிங்கமாக இருக்கும்.

இடுப்பு அளவை பேன்ட் அணியும் இடத்தில் எடுக்காதீர்கள், தொப்புள் மட்டத்தில் எடுக்க வேண்டும். நம் ஆட்கள் எல்லோரும் இதில்தான் சறுக்குகிறார்கள். கீழ் விளிம்பு முட்டியின் நடுவில் நிற்கட்டும். மடிப்பு பின்னால், தட்டையான பக்கம் முன்னால். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு துணி வரும். கில்ட் ஊசியை மேல் துணியில் மட்டும் குத்துங்கள், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும். வாடகைத் துணி, முன்பணம் போய்விடும்.

#18 மாணிக்கம், கிளாஸ்கோ

குறித்துக்கொண்டேன். தோழர்களில் ஒருவர் லண்டனிலிருந்து விமானத்தில் வருகிறார், தன் காலுறையில் செருகும் சிறு கத்தியையும் கொண்டுவருவதாகச் சொல்கிறார். பிரச்சினை வருமா?

#19 லீத் மீனாட்சி

கில்ட்டோடு அணிந்திருந்தால் சட்டம் விதிவிலக்கு தருகிறது. விமானத்தில் கைப்பையில் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். பெரிய பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். அல்லது கடையில் பிடி மட்டும் உள்ள பிளாஸ்டிக் ஒன்று தருவார்கள், போட்டோவில் வித்தியாசம் தெரியாது.